பாடத் தயங்குகிறவருக்கு ஜப்பானில் எந்தப் பாட்டு?

கேள்வி: முதுகலைப் படிப்புக்காக ஜப்பான் வந்து செண்டாயில் இருக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் விருந்து முடிந்ததும் எல்லோரும் பின்னணி இசைக்கு நாமே பாடுகிற கரோக்கேவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் தொண்டை வலி என்று சொல்லித் தப்பித்து வருகிறேன். எட்டாம் வகுப்பில் பிரார்த்தனைக் குழுவில் "நீ வாயை மட்டும் அசை" என்றார்கள். அதிலிருந்து யார் முன்னாலும் பாடியதில்லை. ஜப்பானிய ஒலியெழுத்துகளான ஹிரகானா, கதகானா வாசிப்பேன், சித்திர எழுத்தான கான்ஜி கொஞ்சம்தான். ஏப்ரலில் புது மாணவர்களை வரவேற்கும் விருந்து வருகிறது. எனக்கு வரக்கூடிய ஜப்பானியப் பாட்டு ஏதாவது உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செண்டாய்

பதில்: தம்பி, முதலில் அந்த எட்டாம் வகுப்பு விஷயத்தைப் பேசிவிடுவோம். பையன்களுக்குக் குரல் உடைகிற வயது அது. அதுவரை பாடிய சுருதி எட்டாது, புதுக் குரலும் கைக்கு வந்திருக்காது. சின்னப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஏற்ற சுருதியில் பாட்டை எடுத்தால் உங்கள் குரல் எப்படி ஒட்டும்? அந்த நேரத்தில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையை இத்தனை வருஷம் சுமந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பாட வராது என்பதற்கு அது சாட்சியே இல்லை.

கரோக்கே அறையிலும் பலர் தடுக்கி விழுவது இதே சுருதியில்தான். இன்று ஜப்பானில் கொடிகட்டிப் பறக்கும் ஆண் பாடகர்களில் நிறையப் பேர் உச்ச ஸ்தாயிக்காரர்கள். எல்லோரும் பாடுகிறார்களே என்று ஒஃபிஷியல் ஹிகெ டான்டிஸம் குழுவின் 'பிரிடெண்டர்' (2019) பாட்டை எடுத்தீர்களானால் பாதியிலேயே தொண்டை கட்டிக்கொள்ளும். யோஆசோபி குழுவின் 'யோரு நி ககேரு' (2019) மூச்சு வாங்கக்கூட இடம் தராமல் ஓடும். இரண்டும் நல்ல பாட்டுகள்தான், ஆனால் ஆரம்பிக்கிறவருக்கு ஆகாது.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது சக்கமோதோ கியூ 1961-இல் பாடிய 'உஎ ஓ முயித்தே அருகோ'. அமெரிக்காவில் 'சுகியாகி' என்ற பெயரில் வெளியாகி 1963-இல் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. நடை போடுகிற வேகம்தான். வார்த்தைகள் நெருக்கியடிக்காது, ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று வரும். சக்கமோதோ ஆங்காங்கே குரலை உடைத்து ஒரு சுழிப்புக் கொடுப்பார். அது அவருடைய பாணி, நீங்கள் நேராகவே பாடுங்கள், கெட்டுப்போகாது. நடுவில் சீட்டியடிக்கிற இடம் ஒன்று வரும். அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம், சீட்டி வருகிறவர் யாராவது அறையில் கட்டாயம் இருப்பார். பேராசிரியருக்கும் தெரியும், இருபது வயதுப் பிள்ளைக்கும் தெரியும் என்பது இதில் பெரிய வசதி.

அடுத்தது ஸ்மாப் குழுவின் 'செகாய் நி ஹிதோத்சு தகே நோ ஹனா' (2003). மகிஹாரா நோரியுகி எழுதி மெட்டமைத்தது. ஐந்து பேர் குரல் சேர்ந்து ஒலிக்கிற பாட்டு என்பதால் தனிக் குரலின் வித்தையை அது கேட்பதில்லை. நீங்கள் தொடங்கினாலே பக்கத்தில் இருப்பவர் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். கொஞ்சம் நீளம், அது ஒன்றுதான் குறை.

குரலே நம்பிக்கையில்லை, ஆனால் சத்தம் போட முடியும் என்றால் தி ப்ளூ ஹார்ட்ஸ் குழுவின் 'லிண்டா லிண்டா' (1987) இருக்கிறது. தொடக்கம் மெதுவாக, கிட்டத்தட்டப் பேச்சு மாதிரி போகும். அப்புறம் பாட்டின் பெயரையே திரும்பத் திரும்பக் கத்த வேண்டியதுதான். அறையே எழுந்து குதிக்கும். ஒக்கினாவாவின் மொங்கோல் 800 குழு பாடிய 'ச்சீசனா கோய் நோ உதா'வும் (2001) இப்படி எல்லோரும் சேர்ந்துகொள்கிற பாட்டுதான். ஆனால் சரணத்தில் சொற்கள் சற்று வேகம், அதனால் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு பாடுங்கள். பழகிப் பார்க்க மட்டும் ஒன்று வேண்டுமென்றால் டோட்டோரோ என்ற அனிமேஷன் படத்தில் (1988) வருகிற 'சன்போ'. குழந்தைப் பாட்டாயிற்றே என்று கூச்சப்படாதீர்கள். அங்கே பெரியவர்களும் சந்தோஷமாகப் பாடுவார்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமான வேலை அதை உங்கள் சுருதிக்கு இறக்குவது. பாட்டுத் தேடும் கைக்கணினி ஒன்று அறையில் இருக்கும். டேம் என்ற வகைக் கரோக்கே இயந்திரம் உள்ள இடங்களில் அதை டென்மோகு என்பார்கள். அதில் 'கீ' என்ற பொத்தானைக் கூட்டல், கழித்தல் குறிகளோடு பார்ப்பீர்கள். ஓர் அழுத்தலுக்கு அரைக் கட்டை இறங்கும். பலரும் பாட்டின் முதல் வரியைப் பாடிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பாட்டில் எது உச்சமோ அந்த இடத்துக்கு நேரே போங்கள். அங்கே கழுத்து இறுகாமல், தாடை தூக்காமல் வருகிறதா? இல்லையென்றால் ஒன்று குறைத்து மறுபடி பாடுங்கள். இலகுவாக வருகிற எண்ணை, கழித்தல் 3 என்றால் கழித்தல் 3 என்று, பாட்டின் பெயரோடு கைப்பேசியில் குறித்துவையுங்கள். அவ்வளவு இறக்கியபின் தொடக்க வரி அடித்தொண்டையில் உறுமலாகிவிட்டால் அந்தப் பாட்டு உங்களுக்கு இல்லை, அடுத்ததற்குப் போங்கள்.

சுருதியை இறக்குவது ஏமாற்று வேலையோ என்று தோன்றலாம். கரோக்கே பிறந்த கதையைக் கேளுங்கள். கோபே நகரத்தில் இரவு விடுதிகளில் வாடிக்கையாளர்கள் பாடப் பக்கவாத்தியம் வாசித்தவர் இனோவே தைசுகே. சின்னக் கம்பெனி முதலாளி ஒருவருக்கு இவர் வாசித்தால்தான் பாட வரும். வெந்நீர் ஊற்று ஊருக்குப் போகும்போது கூட வரச் சொல்லிக் கூப்பிட்டார். இவரால் போக முடியவில்லை. அந்த மனிதருக்குத் தோதாக வாசித்து நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனையிலிருந்து 1971-இல் வந்ததுதான் இவருடைய இயந்திரம். பாட வராத ஒருவருக்காக வாத்தியம் வளைந்து கொடுத்ததில் தொடங்கிய கலை இது. அந்தப் பொத்தானை நீங்கள் உரிமையோடு அழுத்தலாம்.

இந்தப் பயிற்சிக்கு ஆய்வுக்கூட நண்பர்கள் வேண்டாம், தனியாகவே போங்கள். ஹிதோகரா என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஒருவர் மட்டும் வந்து அறை கேட்டால் அங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. வார நாளில் பகல் நேரத்தில் கட்டணம் குறைவு, மாணவர் அட்டைக்குச் சலுகை தருகிற கடைகளும் நிறைய. மதிப்பெண் போடும் வசதியை அணைத்துவிடுங்கள், இப்போது அது தேவையில்லாத கவலை. உங்கள் குரலுக்கு அடியில் மெல்லிசாக ஒலிக்கும் வழிகாட்டி மெட்டைக் கூட்டி வையுங்கள்.

வரிகள் விஷயத்தில் பயமே வேண்டாம். திரையில் கான்ஜிக்கு மேலே ஹிரகானாவில் உச்சரிப்பு வரும், பாட வேண்டிய நேரத்தில் எழுத்து நிறம் மாறும். தமிழ் பேசுகிற உங்களுக்குக் குறிலும் நெடிலும் இயல்பாகவே வரும். வேறு பல நாட்டு மாணவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். ஆனால் ஒன்று: வரிகளைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்காதீர்கள். பாட்டுக்கு ஜப்பானியச் சொல்லான 'உதா'வைத் தமிழில் இப்படி எழுதினால் த மெலிந்து ஒலிக்கும். 'உத்தா' என்று எழுதினால் ஒற்று ஒரு மாத்திரையைத் தின்று தாளம் தவறும். ஹிரகானாவிலேயே படித்து, மெட்டில்லாமல் தாளத்துக்கு நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். சில பாட்டுகளில் தனி 'ன்' எழுத்துக்கும் ஒரு சுரம் உண்டு, அதை முழுங்கிவிடாதீர்கள்.

விருந்தன்று முதல் ஆளாகவும் பாட வேண்டாம், கடைசிவரை தள்ளவும் வேண்டாம். தள்ளத் தள்ளப் பயம் கூடும். இரண்டு மூன்று பேர் பாடியதும் போய்விடுங்கள். அறையில் பெரும்பாலும் இரண்டு மைக் இருக்கும். உங்களுக்கு நெருக்கமான ஒரு நண்பரிடம் "கூடப் பாடு" என்று முன்னாலேயே சொல்லிவைத்து, இரண்டாவதை அவர் கையில் கொடுங்கள். பாதியில் தடுமாறினால் நிற்காமல் அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு சரணம் போதும் என்று தோன்றினால் நிறுத்தும் பொத்தான் உண்டு. நேரம் மிச்சம் பிடிக்க நன்றாகப் பாடுகிறவர்களே அதை அழுத்துவார்கள். நீங்கள் பாடும்போது பாதிப் பேர் தலையைக் குனிந்து தங்களுடைய அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அது உங்களைப் பிடிக்காததால் இல்லை, அங்கே அது வழக்கம். முடிந்ததும் கைதட்டுவார்கள்.

அன்றைக்கு மனசே ஒப்பவில்லையா? அப்போதும் தொண்டை வலி என்று பொய் சொல்ல வேண்டாம். "இன்றைக்குக் கேட்கிறேன்" என்று சொல்லி, அறையில் கஞ்சிரா மாதிரியான தம்பூரின் இருந்தால் அதை எடுத்து மற்றவர்கள் பாட்டுக்குத் தட்டுங்கள், அதையும் விரும்பி ஏற்றுக்கொள்வார்கள். அந்த வாரமே தனியாக இன்னொரு முறை போய், குறித்துவைத்த எண்ணில் சக்கமோதோ பாட்டை முழுசாகப் பாடிவிட்டு வாருங்கள்.