வெள்ளிக்கிழமை தலைக்கு குளிச்சா மட்டும் மயக்கம் வருது, ஏன்?

கேள்வி: வயசு 34, பெங்களூர்ல வாடகை வீட்ல இருக்கோம். ரெண்டு மாசத்துல ரெண்டு தடவ பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டேன், ரெண்டுமே வெள்ளிக்கிழமை தலைக்கு குளிக்கிறப்ப. போன தடவ கை கால் வெட்டி இழுத்துச்சுன்னு வீட்டுக்காரர் சொல்றார். மூளை ஸ்கேன், இ.இ.ஜி எல்லாம் நார்மல், ஆனாலும் ஃபிட்ஸ் மாத்திரை குடுத்திருக்காங்க. பாத்ரூம் உள்ளயே கேஸ் கீசர் இருக்கு, அதனால இருக்குமா டாக்டர்? கேஸ் வாசனை எதுவும் வரலையே.

பதில்: கடைசியா கேஸ் கீசர் பத்தி ஒரு வரி எழுதினீங்களேம்மா, அதுதான் எனக்கு முதல் சந்தேகம். இன்னிக்கே அந்த கீசரை நிறுத்திட்டு மீதிய படிங்க.

வாசனை வரலன்னு நம்பாதீங்க. சிலிண்டர் லீக்கானா தெரியணும்னுதான் அதுல நாத்தத்துக்குன்னே ஒரு மருந்து கலக்குறாங்க, ஆனா உங்க வீட்ல லீக் இருக்கணும்னே இல்ல, மூடின சின்ன ரூம்ல தீ எரிய எரிய காத்து பத்தாம போய் கேஸ் அரைகுறையா எரியும், அப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல கெட்டியா பிடிச்சுக்கும். மூளைக்கு ஆக்சிஜன் போகாது, தலை கனக்கும், குமட்டும், கால் தொவளும், தாழ்ப்பாள் எட்ற தூரத்துல இருந்தாலும் திறக்க முடியாது. சிலருக்கு வலிப்பே வந்துடும். மத்த நாள்ல அஞ்சு நிமிஷத்துல குளிச்சிட்டு வந்துடுவீங்க, வெள்ளிக்கிழமை எண்ணெய் போக சீயக்கா தேய்ச்சு அலச அரை மணி நேரம் கீசர் ஓடுது, குளிருக்கு ஜன்னலையும் சாத்தியிருப்பீங்க.

ஒரு தடவ காலேஜ் பையன் ஒருத்தனை தலையில ஷாம்பூ நுரை காயாமலேயே தூக்கிட்டு வந்தாங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் 99 காட்டுச்சு, பையனுக்கு நினைவே இல்ல. அந்த மெஷினுக்கு ஆக்சிஜன் எது மோனாக்சைடு எதுன்னு பிரிக்கத் தெரியாது. ரத்தத்துல கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது மோனாக்சைடு ஒட்டின ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு பார்த்தாதான் தெரியும், அதுவும் உடனே. சாதாரண காத்துலயே 4-5 மணி நேரத்துல பாதி இறங்கிடும், மாஸ்க் வெச்சு முழு ஆக்சிஜன் குடுத்தா ஒண்ணு ஒன்றரை மணி நேரம் போதும். அதனால இப்ப டெஸ்ட் எடுத்தா ஒண்ணும் தெரியாது.

ஃபிட்ஸ் மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது, நியூராலஜிஸ்ட்கிட்ட கீசர் கதைய முழுசா சொல்லுங்க, மாத்திரை வேணுமா வேணாமான்னு அவர் முடிவு பண்ணட்டும். மறதி, நடையில தடுமாற்றம் இதெல்லாம் சில வாரம் கழிச்சும் வரலாம், வந்தா அதையும் சொல்லுங்க.

ஹவுஸ் ஓனர் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுத் தரேன்பார், ஒத்துக்காதீங்க. ஜன்னல் சாத்தின ரூம்ல ஃபேன் இழுத்தா புகைக்குழாய் வழியா வெளிய போக வேண்டிய புகையே உள்ள திரும்பி வரும், குழாய்க்குள்ள புறா கூடு கட்டி அடைச்சு வெச்சிருந்தாலும் அதே கதிதான். கீசர் பால்கனியிலயோ துணி துவைக்கிற காத்தாட்டமான யூட்டிலிட்டியிலயோ இருக்கணும், பாத்ரூமுக்கு வெந்நீர் பைப் மட்டும் வரட்டும். அங்க மாத்தின பிறகும் தீ மஞ்சளா எரிஞ்சாலோ மேல கரி படிஞ்சாலோ மெக்கானிக்கை கூப்பிடுங்க. அதுவரைக்கும் அடுப்புல வெந்நீர் போட்டுக்கோங்க.

உள்ள யாராவது விழுந்துட்டா கதவை உடைச்சு முதல்ல வெளிக்காத்துக்கு இழுத்துட்டு வாங்க, கேஸை மூடுங்க, 108க்கு போன் பண்ணி "கேஸ் கீசர்"ங்கற வார்த்தைய மறக்காம சொல்லுங்க.

வீட்ல வேற யாருக்காவது குளிச்சிட்டு வந்ததும் தலைவலி வருதான்னு இன்னிக்கே கேளுங்கம்மா.