கிடங்கில் பெட்டி தூக்குபவர்களுக்கு எக்ஸோஸ்கெலிட்டன் (சுருக்கமாக எக்ஸோ, உடம்பில் மாட்டிக்கொள்ளும் தாங்கு சட்டகம்) வாங்கலாமா, எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

டெமோவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். விற்க வருபவர் மாட்டிவிட்டு நாலு பெட்டி தூக்கச் சொல்வார், யாருக்கும் லேசாகத்தான் தெரியும். ஷிப்ட் முடியும் நேரத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எல்லாரும் ஃபோர்டு கார் கம்பெனியை உதாரணம் காட்டுவார்கள். 2018ல் 7 நாடுகளில் 15 ஆலைகளுக்கு கைகளைத் தாங்கும் 75 எக்ஸோ உடுப்புகள் கொடுத்தார்கள், மோட்டார் கிடையாது, ஒவ்வொரு கைக்கும் 2 முதல் 7 கிலோ வரை தாங்கல் தரும். ஆனால் அங்கே தலைக்கு மேல் நிற்கும் காரின் அடியில் நாள் முழுக்கக் கையைத் தூக்கியே வேலை, சிலர் ஒரு நாளில் 4,600 முறை வரை தூக்குகிறார்கள். உங்கள் ஆட்கள் குனிகிறார்கள், நடக்கிறார்கள், திரும்பி அடுக்குகிறார்கள், லாரியில் ஏறுகிறார்கள். முதுகுக்கான எக்ஸோ குனிந்து நிற்கும்போது நன்றாக உதவும், நடக்கும்போது தொடையைத் தள்ளும்.

முதுகுத் தசையின் உழைப்பு 10 முதல் 40 சதவீதம் வரை குறைந்ததாக ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது தசையில் அளந்தது, அதை வைத்து முதுகுவலி அவ்வளவு குறையும் என்று சொல்ல முடியாது. முதுகிலிருந்து இறங்கிய பாரம் நெஞ்சிலும் தொடையிலும்தான் போய் உட்காரும். வெயில் ஏறியதும் நெஞ்சுப் பட்டைக்கு அடியில் வேர்வை கட்டி, தோல் சிவந்து எரியும், உடனே ஆள் பட்டையைத் தளர்த்திவிடுவார். தளர்ந்த பட்டையில் தாங்கல் ஏதும் மிஞ்சாது, சும்மா ரெண்டு மூன்று கிலோவைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு திரிவார். அதனால் மதியத்துக்கு மேல் போய்ப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள்.

சோதனையில் அதே ஆள், அதே வேலை, ஒரு நாள் மாட்டி ஒரு நாள் மாட்டாமல், சில வாரம் ஓடட்டும். எங்கே வலிக்கிறது என்று உடல் படத்தில் அவரையே குறிக்கச் சொல்லுங்கள், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது, நின்றால் எல்லாம் நல்லாயிருக்கு என்றுதான் பதில் வரும். துணையில்லாமல் மாட்டிக் கழற்ற முடிகிறதா, கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா, குள்ளமானவர்களுக்கும் பெண்களுக்கும் பொருந்துகிறதா என்று கேளுங்கள். வேர்வை படும் துணி, பட்டை எல்லாம் ஆளுக்கு ஒன்று வேண்டும், அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இதற்கெல்லாம் முன்னால் பெட்டியை எடை போடுங்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) கணக்கில் எல்லாமே சாதகமாக இருந்தாலும் 23 கிலோதான் உச்சம். அதைத் தாண்டினால் சரக்கைச் சின்னப் பெட்டிகளாகப் பிரியுங்கள், தரையில் கிடக்கும் சரக்கை லிஃப்ட் டேபிளில் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், பாதிப் பேருக்கு எக்ஸோ தேவைப்படாமலே போகலாம். அதையும் செய்து எக்ஸோவும் வாங்கினால், டார்கெட்டை ஏற்ற மாட்டோம் என்று நிர்வாகத்திடம் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.