ஒரே ஈற்றில் பிறந்து ஒரே தீவனம் தின்னும் பன்றிகளில் சிலவற்றுக்கு மட்டும் முதுகுக் கொழுப்பு மிகுவது ஏன்? தீவனமா, மரபணுவா?

தீவனத்தைக் குறைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் உங்களுக்கு இதுவரை கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். பன்றி வளர்க்கும் எங்கள் குடும்பத்துக்கும் அதே அறிவுரை ஆண்டுக்கணக்கில் கிடைத்தது என்பதால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் வெள்ளை யார்க்‌ஷயர் கலப்பினத்தைச் சிறிய அளவில் வளர்ப்பவர் என்றும், கறிக்கடைக்காரர் கொழுப்பைக் காட்டி விலையைக் குறைத்துவிட்டார் என்றும் ஊகித்துக்கொள்கிறேன்.

தீவனத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உணவகக் கழிவை மட்டும் நம்பி வளர்த்தால், மாவுச்சத்தும் எண்ணெயும் மிகுந்து புரதம் குறைந்து, எந்த இனத்துப் பன்றியும் கொழுக்கவே செய்யும். ஆனால் ஒரே தொட்டியில் தின்று, ஒரே எடையில் வெட்டப்படும் உடன்பிறப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைத் தீவனத்தால் மட்டும் விளக்க முடியாது. முதுகுக் கொழுப்பின் தடிமனில் ஓர் இனத்துக்குள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவது என்று பல நாடுகளின் பன்றி இனவிருத்திக் கணக்குகள் காட்டியுள்ளன. அதிகம் தின்பது கூட மரபணுவின் வேலையாக இருக்கலாம். மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் எம்.சி.4.ஆர் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து (டி.என்.ஏ.வை எழுதும் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளில் ஒன்று) மாறிய பன்றிகள் கூடுதலாகத் தின்று, விரைவாக வளர்ந்து, கூடுதலாகக் கொழுக்கின்றன என்று 2000ஆம் ஆண்டிலேயே கண்டறிந்துவிட்டார்கள்.

எங்கள் பண்ணையில் ஒரு காலத்தில் இனவிருத்திக்கென இரண்டு ஆண் பன்றிகள் இருந்தன. ஒன்று வெளியில் வாங்கியது. நீண்ட உடலும் திரண்ட தொடையும் கொண்டது. மற்றொன்று எங்கள் கொட்டிலிலேயே, நாட்டுப் பன்றிக் கலப்புத் தந்தைக்கும் விலைக்கு வாங்கிய யார்க்‌ஷயர் தாய்க்கும் பிறந்தது. இது உருண்டு கொழுத்திருந்ததால், இதன் குட்டிகளும் இப்படித்தான் இருக்கும், விற்றுவிடலாம் என்று என் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். வேறு ஆண் பன்றி உடனே கிடைக்காததால் வைத்திருந்தோம். அதன் குட்டிகளை வெட்டியபோது ஒரே ஈற்றுக்குள் இரண்டு வகை தெரிந்தது: சில தந்தையைப் போலவே கொழுத்திருந்தன, சிலவற்றுக்கோ முதுகில் கொழுப்பு மெலிந்து, தொடைத் தசை வாங்கிய ஆண் பன்றியின் குட்டிகளுக்கு நிகராக இருந்தது. கொழுத்த தந்தைக்கு மெலிந்த பிள்ளைகள் எப்படிப் பிறந்தன என்பதற்கு எங்கள் வட்டாரத்தில் யாரிடமும் விடை கிடைக்கவில்லை.

விடை ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவில் இருக்கலாம் என்று பிறகு படித்து அறிந்தேன். ஸ்வீடனின் உப்சாலாவில் காட்டுப் பன்றியையும் யார்க்‌ஷயரையும் கலந்தும், பெல்ஜியத்தின் லியேஜில் பியேட்ரெய்ன் இனத்தையும் யார்க்‌ஷயரையும் கலந்தும் ஆராய்ந்த குழுக்கள், தசை அளவில் காணும் வேறுபாட்டில் 15 முதல் 30 விழுக்காட்டையும், முதுகுக் கொழுப்பின் வேறுபாட்டில் 10 முதல் 20 விழுக்காட்டையும் இந்த ஒரே இடம் தீர்மானிப்பதைக் கண்டன. புரதத்தைக் குறிக்காத ஒரு பகுதியில் ஜி என்ற எழுத்து ஏ ஆக மாறியிருப்பதே காரணம் என்று 2003இல் நிறுவினார்கள். அந்த இடத்தில் ஒரு புரதம் வந்து அமர்ந்து மரபணுவை அடக்கி வைப்பது வழக்கம். எழுத்து மாறியதும் அதனால் அங்கே அமர முடிவதில்லை, எனவே பிறந்த பிறகும் தசையில் இந்த மரபணு மும்மடங்கு வேகத்தில் வேலை செய்து, தசையைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்கிறது. அடக்கி வைக்கும் அந்தப் புரதம் எது என்பது 2009இல் தெரியவந்தது.

இதில் நமக்கு முக்கியமானது வேறொன்று. இந்த மரபணுவில் தந்தை தந்த பிரதி மட்டுமே வேலை செய்யும்; தாய் தந்தது வாய்மூடிக் கிடக்கும். எங்கள் ஆண் பன்றி தன் தந்தையிடமிருந்து பழைய ஜி-யையும் தாயிடமிருந்து ஏ-யையும் பெற்றிருந்தால், அதன் உடலில் ஜி மட்டுமே வேலை செய்திருக்கும், அதனால் அது கொழுத்திருக்கும். ஆனால் அது தந்தையாகும்போது, குட்டிகளில் ஏறத்தாழப் பாதிக்கு ஏ-யைக் கொடுக்கும், அந்த ஏ அங்கே வேலை செய்யும். பாட்டியின் உடலிலிருந்த சிறப்பு மகனிடம் மறைந்திருந்து பேரனிடம் வெளிப்படுகிறது. நாங்கள் டி.என்.ஏ. பரிசோதனை எதுவும் செய்யவில்லை. ஆதலால் இது உறுதியான முடிவன்று, பொருந்துகிற விளக்கம் மட்டுமே. காயடித்த ஆண் பன்றி பெட்டையைவிடக் கொழுக்கும், அதைக் கவனித்தீர்களா என்று கேட்க வருபவர்களுக்கு: காயடித்தவற்றைக் காயடித்தவற்றோடுதான் ஒப்பிட்டோம்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குட்டி விற்பவர்கள் வெள்ளை நிறத்தைக் காட்டித் தூய யார்க்‌ஷயர் என்று விலை சொல்கிறார்கள். தந்தை எது என்று கேட்டால் பதிவேடு இல்லை என்கிறார்கள். யார்க்‌ஷயரின் வெள்ளை நிறம் ஓங்கு பண்பு. கிட் என்ற வேறொரு மரபணுவிலிருந்து வருவது. தூய யார்க்‌ஷயரைக் கறுப்பு நாட்டுப் பன்றியோடு சேர்த்தாலும் முதல் தலைமுறைக் குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாகவே பிறக்கும். தோலின் நிறத்துக்கும் முதுகின் கொழுப்புக்கும் தொடர்பு இல்லாதபோது, நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுத்து, கேட்க வேண்டிய தந்தைவழியைக் கேளாமல் விடுகிறோம்.

மெலிந்த பன்றிதான் நல்ல பன்றி என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். பியேட்ரெய்ன் இனத்தில் தசையைப் பெருக்கும், ஆர்.ஒய்.ஆர்.1 என்ற மரபணுவின் மாற்றம் இரு பெற்றோரிடமிருந்தும் வந்த பன்றி, வண்டியில் ஏற்றும்போதே அதிர்ச்சியில் இறக்கக்கூடும். பிழைத்து வெட்டப்பட்டாலும் இறைச்சி வெளிறி, நீர் கசிந்து, சமைத்தால் வறண்டுபோகும். 1991இல் இந்த மாற்றம் இன்னதென்று தெரிந்த பிறகு, பல இனவிருத்தியாளர்கள் பரிசோதனை செய்து அதைத் தம் மந்தையிலிருந்து நீக்கினார்கள். மேலும், கறிக்குச் சுவையும் மென்மையும் தரும் தசையிடைக் கொழுப்பு, முதுகுக் கொழுப்போடு ஓரளவே சேர்ந்து கூடிக் குறையும். ட்யூராக் இனத்தை உலகெங்கும் தந்தை இனமாக விரும்புவதற்கு அந்தத் தசையிடைக் கொழுப்பும் ஒரு காரணம்.

நீங்கள் செய்யக்கூடியது இது: குட்டிகளின் காதில் தந்தை வாரியாக அடையாளமிட்டு, ஒரே எடைக்கு வந்ததும் கடைசி விலா எலும்புக்கு நேராக, முதுகின் நடுக்கோட்டிலிருந்து 6.5 செ.மீ. தள்ளி அளவெடுக்கச் சொல்லுங்கள். அதற்கான ஸ்கேன் கருவி கிடைக்காவிட்டால் வெட்டிய பிறகு அதே இடத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஒரே ஆண் பன்றியின் குட்டிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால் அந்த ஆண் பன்றியை அவசரப்பட்டு விற்க வேண்டாம். அதன் மெலிந்த மகன்களில் ஒன்றைக் காயடிக்காமல் இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.