குறும்படத்துக்கு இந்தக் கமரா போதுமா?

கேள்வி: திருமண வீடியோ எடுப்பது என் தொழில். அடுத்து, இரவுக் காட்சிகள் நிறைந்த குறும்படம் ஒன்றை எடுக்க எண்ணியிருக்கிறேன். பிளக்மேஜிக் பொக்கெற் சினிமா கமரா 4கே, பாவித்த நிலையில் ஒன்று விலைக்கு வந்துள்ளது. அது இரண்டு வேலைக்கும் உதவுமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: குறும்படத்துக்குத் தாராளமாக உதவும், திருமணத்துக்கு வேண்டாம். 2018 இல் அறிமுகமான இக்கமராவில், நடமாடும் ஆளைத் தானாகவே தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் வசதியும் இல்லை, கை நடுக்கத்தைச் சென்சர் (ஒளியைப் பதியும் பகுதி) ஈடுசெய்யும் வசதியும் இல்லை. தாலி கட்டும் கணத்தை மறுபடி எடுக்க முடியாதாகையால், இப்போதுள்ள கமராவை விற்றுவிடாதீர்கள்.

இரவுக் காட்சிதான் இதன் பலம். சென்சருக்கு 400, 3200 என இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) அளவுகள் உள்ளன. ஐஎஸ்ஓவை 1250 அல்லது அதற்கு மேல் வைக்கும்போது இரண்டாவது அளவு செயற்படுவதால், 1000 இல் எடுத்ததைவிட 1250 இல் எடுத்த காட்சியின் நிழற்பகுதிகளில் புள்ளிகள் குறைவாகவே தெரியும். ஆனால் அப்போது மிகை வெளிச்சம் விரைவில் வெளிறிவிடும் என்பதால், தெருவிளக்கே சட்டத்துக்குள் வரும் காட்சிகளை முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கொளி துடிக்காதிருக்க, விநாடிக்கு 25 பிரேம் எடுக்கும்போது ஷட்டர் கோணத்தை (ஒவ்வொரு பிரேமிலும் ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிப்பது) 180 பாகையிலும், 24 பிரேம் எடுக்கும்போது 172.8 பாகையிலும் வையுங்கள். இரண்டிலும் ஒளி விழும் நேரம் 1/50 விநாடிதான்.

பகலில் நிலைமை வேறு. ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் உள்ளேயே இல்லாததால், காலிமுகத்திடல் வெயிலில் ஐஎஸ்ஓ 400, லென்ஸ் துவாரம் எஃப் 4 என்று வைத்தால் ஏறக்குறைய ஏழு ஸ்டொப் (ஒவ்வொரு ஸ்டொப்புக்கும் ஒளி பாதியாகும்) ஒளியைக் குறைக்க வேண்டிவரும். அகச்சிவப்பையும் தடுக்கும் ஃபில்டரையே வாங்குங்கள். இல்லாவிட்டால் கறுப்புத் துணி செம்பழுப்பாகப் பதிவாகும்.

விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு பற்றரி ஒரு மணிநேரம் தாங்குவதே அரிது. 4கே அளவில், பிளக்மேஜிக் ரோ என்னும் பதிவு வடிவத்தின் 5:1 சுருக்க முறையில் 30 பிரேம் பதிந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 81 மெகாபைட், அதாவது மணிக்கு 290 கிகாபைட் அளவில் இடம் பிடிக்கும். 12:1 முறையில் அதன் பாதிக்கும் குறைவு, முதற் குறும்படத்துக்கு அது போதும். லென்ஸ், ஃபில்டர், பற்றரி, எஸ்எஸ்டி (பதிவுகளைச் சேமிக்கும் சாதனம்) ஆகியவற்றுக்குப் பணம் எஞ்சாவிட்டால் வாடகைக்கு எடுப்பதே நல்லது.

வாங்குவதானால், புதிய கமராவுடன் வழங்கப்படும் டாவின்சி ரிசோல்வ் ஸ்டூடியோ என்னும் எடிட்டிங் மென்பொருளின் உரிமம் கைமாறுகிறதா என்று கேளுங்கள். உங்கள் எஸ்எஸ்டியை யூஎஸ்பி-சி வழியாக இணைத்து, ஒரு பற்றரி தீரும்வரை பதிந்து பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.