எல்லையோரக் கேள்வி-பதில்: தலைவர் பதவி என்ன விலை?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மக்கள் பிரதிநிதிகளின் நாணயம் பற்றியவை. களியக்காவிளையிலிருந்து வாளையார் வரை மலைக்கு இருபுறமும், தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். வழக்கமான வேண்டுகோள்தான்: எந்த மாநிலம், ஊராட்சியா பேரூராட்சியா, எந்த ஆண்டு என்று எதுவும் எழுதாமல் ‘எங்கள் தலைவர் சுருட்டுகிறார்’ என்று ஒரு வரி அனுப்பினால் நான் என்ன பதில் சொல்வது? ஆரியங்காவு பஞ்சாயத்து உறுப்பினர்மீது தென்காசி ஆட்சியரிடம் மனுக் கொடுத்துவிட்டு, நடவடிக்கையே இல்லை என்று ஒருவர் வருத்தப்படுகிறார். ஆரியங்காவு கேரளத்தின் கொல்லம் மாவட்டம், ஐயா.

கே: எங்கள் தொகுதியில் நின்றவருக்கு கேரளத்து உடும்பன்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் இருப்பது ஊருக்கே தெரியும். பிரமாணப் பத்திரத்தில் அதைக் காணோம். வேட்புமனுவை ஏன் தள்ளவில்லை? (வாசகர், போடிநாயக்கனூர்)

பொய் எழுதியதற்காகத் தேர்தல் நடத்தும் அலுவலர் மனுவைத் தள்ள மாட்டார். கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். காலியாக விட்டு, நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் தள்ளலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிரப்பியது பொய் என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அந்தப் பிரமாணப் பத்திரத்தில், அதாவது படிவம் 26-ல், சொத்து எந்த மாநிலத்தில் இருந்தாலும் காட்ட வேண்டும். மனைவி பெயரில், சார்ந்திருப்பவர் பெயரில் இருந்தாலும் காட்ட வேண்டும். ‘ஊருக்கே தெரியும்’ என்பது சாட்சியம் ஆகாது. அந்தப் பக்கத்துச் சார் பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குங்கள். வில்லேஜ் ஆபீசில் கரம் (நிலவரி) கட்டிய ரசீது யார் பெயரில் போகிறது என்று விசாரியுங்கள். மைத்துனர் பெயரில் போகிறது என்றால் உங்கள் புகார் அநேகமாக அங்கேயே படுத்துவிடும்.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அதே படிவத்தில் நிலம் வாங்கிய தேதியும் வாங்கிய விலையும் இருக்கும். கடைசி ஐந்து ஆண்டு வருமானமும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆண்டுக்கு நாலைந்து லட்சம் வருமானம் காட்டியவர் அதே ஐந்து ஆண்டில் இரண்டு கோடிக்கு நிலம் வாங்கியிருந்தால், கேட்க வேண்டிய கேள்வியை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். கைக்கடிகாரத்தைக் காட்டவில்லை, மிக்ஸியைக் காட்டவில்லை என்று மட்டும் போகாதீர்கள். ஒவ்வோர் அசையும் பொருளையும் சொல்ல வேண்டியதில்லை என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

கே: எங்கள் சட்டமன்ற உறுப்பினர்மீது எட்டு வழக்குகள். பதவி ஏன் போகவில்லை? (வாசகர், களியக்காவிளை)

வழக்கு வேறு, தண்டனை வேறு. பொதுவாக இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை வந்தால் பதவி போகும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் என்றால் அபராதம் மட்டும் விதித்தாலே போதும். மேல்முறையீடு செய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம் 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்குத் தீர்ப்போடு முடிந்தது. இப்போது குற்றவாளி என்ற தீர்ப்புக்கே இடைக்காலத் தடை வாங்கினால்தான் தப்பிக்க முடியும்.

கே: எனக்குக் கம்பத்திலும் வாக்கு இருக்கிறது, கேரளத்து வண்டன்மேட்டிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆள் வந்து ஜீப் அனுப்புகிறார்கள். இரண்டிலும் போடலாமா? அரசியல்வாதிகளே நேர்மையாக இல்லாதபோது நான் மட்டும் ஏன்? (வாசகர், கம்பம்)

போடக் கூடாது. 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வாக்காளர் பட்டியலில்தான் பெயர் இருக்கலாம். பொய் உறுதி கொடுத்துப் பெயர் சேர்த்தால் ஓராண்டு வரை சிறை. ஒரே தேர்தலில் இரண்டு தொகுதிகளில் வாக்களித்தால் இரண்டு வாக்கும் செல்லாது. நீங்கள் யாருக்காக மெனக்கெட்டீர்களோ அவருக்கும் பயனில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு 26 என்று தேதி வந்ததும், ‘ஒரு வாரம் இடைவெளி இருக்கிறது, மை அழிந்துவிடுமா?’ என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. ஒரு வாரத்தில் அழியாது. எதைத் தடவினாலும் நகக்கண்ணில் நிற்கும்.

ஜீப்பைப் பற்றி. அதிகாலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற அதே ஜீப் வாக்குப்பதிவு நாளில் இலவசமாக ஏற்றிப் போனால், அமர்த்தியவர் வேட்பாளரோ அவருடைய ஏஜெண்டோ என்றால், அது 123-ஆம் பிரிவின் கீழ் முறைகேடு. தேர்தலையே செல்லாததாக்கும் அளவுக்குப் பெரியது. ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு ‘நான் மட்டும் ஏன்’ என்று கேட்கிறீர்கள். எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறீர்களோ அங்கே பெயரை வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் படிவம் 7 கொடுத்து நீக்குங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மாடு வாங்கக் கொண்டுபோன 80,000 ரூபாயைப் புளியரையில் பறக்கும் படை பிடித்துக்கொண்டது. கோடி கோடியாகக் கடத்துகிறவர்களை விட்டுவிட்டு எங்களைப் பிடிப்பதா? (வாசகர், செங்கோட்டை)

கோபம் நியாயம். ஆனால் தேர்தல் காலத்தில் 50,000-க்கு மேல் என்றால் கையில் காகிதம் வேண்டும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் எழுதிக் கைவலி கண்டதுதான் மிச்சம். வங்கியில் எடுத்த சீட்டு, போன சந்தையின் ரசீது, பால் சங்கக் கணக்கு எதுவானாலும் சரி. மாவட்ட அளவில் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. ஆவணங்களோடு போனால் பணம் திரும்பும். பிடித்த அன்றே ரசீது கேட்டு வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கே: எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விட்டுப் போட்டியில்லாமல் தேர்ந்தெடுப்போம். பணம் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போகிறது. தனி ஆள் யாரும் தொடுவதில்லை, சண்டை சச்சரவும் இல்லை. இதில் நேர்மைக் குறைவு என்ன? ஊர் பெயர் வேண்டாம். (வாசகர், தென்காசி மாவட்டம்)

ஊர் பெயர் வேண்டாம் என்றீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் சட்டம். தேர்தல் உரிமை என்றால் வாக்களிப்பது மட்டும் இல்லை. வேட்பாளராக நிற்பதும், நிற்காமல் இருப்பதும், விலகுவதும் அதில் அடக்கம். பழைய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான். 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான். அந்த உரிமையை ஒருவர் இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்று தூண்டுவதற்காக அவருக்கோ வேறு எவருக்கோ பணம் கொடுத்தால் அது லஞ்சம். ஓராண்டு வரை சிறை. வாங்கிக்கொண்டது கோயில் கமிட்டி என்பதால் குற்றம் புண்ணியமாகிவிடாது.

அடுத்து கணக்கு. ஏலம் 15 லட்சத்துக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். தலைவருக்கு அரசு தருகிற மதிப்பூதியத்தை ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துக் கூட்டினாலும் அதில் பத்தில் ஒரு பங்கு வராது. மீதியை அவர் எங்கிருந்து எடுப்பார்? தணிக்கையில் உட்கார்ந்தவனுக்கு இதற்கு விடை தெரியும். ஒரே மோட்டாருக்கு மாதாமாதம் காயில் கட்டியதாக பில் இருக்கும். போய்ப் பார்த்தால் கிணற்றில் மோட்டாரே இருக்காது. தெருவிளக்கு பல்பு ஊரில் உள்ள கம்பங்களைவிட அதிகமாக வாங்கப்பட்டிருக்கும். வீட்டு வரைபட அனுமதிக்கு ஒரு விலை, குடிநீர் இணைப்புக்கு ஒரு விலை. காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் துணைத் தலைவர் தேர்தலுக்கும் தனி பேரம் நடக்கும். வார்டு உறுப்பினர்களைப் பத்து நாள் குற்றாலத்தில் தங்கவைப்பது குளிப்பதற்காக என்றா நினைத்தீர்கள்?

உங்கள் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது: கல்குவாரி. இரவெல்லாம் டிப்பர் கேரளத்துக்குப் போகிறது. சாலை போகிறது, வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது என்று கிராம சபையில் நீங்கள் தீர்மானம் கொண்டுவரும் நாளில், 15 லட்சம் போட்டவர் எந்தப் பக்கம் உட்காருவார்? அந்த 15 லட்சம் அவருடையதுதானா என்றாவது கேட்டீர்களா?

‘சண்டை இல்லை’ என்கிறீர்கள். ஏலம் கேட்க யாரால் முடிந்தது? தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. உங்கள் ஊர்க்கூட்டத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்? பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தையும் கணவர்தான் ஏலம் எடுத்திருப்பார். தலித்துக்கு ஒதுக்கிய இடம் என்றால், பணம் போட்டவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர். மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித்தான முருகேசன் 1997-ல் வெட்டிக் கொல்லப்பட்டது அந்த நாற்காலியில் அவர் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான். தலித்துக்கு ஒதுக்கியதாலேயே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து ஆண்டு தேர்தலே நடத்த முடியாமல் கிடந்து 2006-ல்தான் வழி பிறந்தது. அப்படிக் கிடைத்த பதவியைத் தேங்காய், எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து ஏலம் விடுகிறீர்கள்.

போட்டியின்றித் தேர்வாவது குற்றமில்லை. நல்லவர் ஒருவரை ஊரே கூடி நிறுத்தினால் நானும் வந்து மாலை போடுகிறேன். விலை பேசாதீர்கள் என்பதுதான். கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி போடுங்கள். காலம் காலமாக அப்படித்தானே கோபுரம் எழும்பியது? ஏலம் நடந்தால் புகார் போக வேண்டிய இடம் ஆட்சியரும் மாநிலத் தேர்தல் ஆணையமும். ஊராட்சித் தேர்தலுக்கு 1950 என்ற எண்ணை அழைத்துவிட்டு, பதில் இல்லை என்று எனக்கு எழுதாதீர்கள். அது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் எண்.

கே: கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் வீடு வாங்கித் தருவதாக வார்டு மெம்பர் 10,000 ரூபாய் வாங்கினார். வீடும் இல்லை, பணமும் இல்லை. (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

அம்மா, கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதவில்லையே. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்தேன் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். நாள் கடந்திருந்தால் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு அடியெடுத்து வையுங்கள். இனிமேல் யாராவது கேட்டால் கொடுப்பதற்கு முன்பே கேரள விஜிலன்ஸின் 1064-க்குச் சொல்லுங்கள். உள்ளாட்சி முறைகேடுகளை விசாரிக்கவே கேரளத்தில் ஓம்புட்ஸ்மேன் இருக்கிறார். பஞ்சாயத்து ராஜ் சட்டத்திலேயே இடம் உண்டு. பெயர், முகவரி, தேதியோடு எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் போடாத மனு குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

கே: அந்தக் காலத்தில் அரசியல்வாதிகள் எல்லாரும் நேர்மையாக இருந்தார்கள். இப்போது ஏன் இப்படி? (வாசகர், மூணாறு)

எல்லாரும் இல்லை. 1951-லேயே முட்கல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பம்பாய்த் தங்க வியாபாரிகளுக்காகக் காசு வாங்கிக்கொண்டு அவையில் பேசி மாட்டினார். 1958-ல், எல்ஐசி பணத்தை முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் போட்ட விவகாரத்தில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆனால் முட்கல்மீது விசாரணைக் குழு போட்டவர் சொந்தக் கட்சிப் பிரதமர் நேரு. அரியலூர் ரயில் விபத்துக்காக 1956-ல் பதவி விலகிய சாஸ்திரிமீது யாரும் விரல் நீட்டவில்லை. அப்போது வெட்கம் இருந்தது. இப்போது வழக்கறிஞர் இருக்கிறார். 2005-ல் கேள்வி கேட்கக் காசு வாங்கிய 11 பேரை வெளியேற்றியதைப் போல நாடாளுமன்றம் விறைத்துக்கொண்ட சமயங்களும் உண்டு. அவைக்குள் வாங்கிய லஞ்சத்துக்கு அவை உரிமை கேடயமாகாது என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

கே: தேர்தல் வழக்குப் போட்டால் எப்போது முடியும்? (வாசகர், பணகுடி)

முடிவு அறிவித்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். எப்போது முடியும் என்பதை உங்கள் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியிலேயே பார்த்தீர்களே: 2016-ல் 49 வாக்கில் வெற்றி, 2019-ல் மறு எண்ணிக்கை, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றத் தடை. அதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிட்டது.

கே: தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சிவிஜிலில் பண விநியோக வீடியோவை ஏற்ற முடியவில்லை. ஆளுங்கட்சி சதியா? (வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்)

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செயலி, நடக்கும் இடத்தில் அப்போதே எடுத்ததை மட்டும்தான் ஏற்கும். சதி இல்லை.

கே: நானே நிற்கலாம் என்றிருக்கிறேன். குமுளியில் குடியிருக்கிறேன், வாக்கு கேரளத்தின் பீர்மேட்டில். தமிழ்நாட்டின் கம்பம் தொகுதியில் நிற்க முடியுமா? (வாசகர், குமுளி)

முடியாது. சட்டமன்றத்துக்கு அந்த மாநிலத்திலேயே ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். பீர்மேட்டில் நில்லுங்கள், ஆனால் அது பொதுத் தொகுதியா என்று நான் சொல்ல வேண்டிய அளவில் இருந்தால் இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு நில்லுங்கள். டெபாசிட் 10,000 ரூபாய். பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் போயிற்று. தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, டீச் செலவு வரை அன்றன்றே எழுதுங்கள். தோற்றவரும் 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை ஆணையம் மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கலாம். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.