‘உள்ளுதல்’ என்ற சொல்லும் ‘நினைத்தல்’ என்ற சொல்லும் ஒரே பொருள் உடையனவா?

அகராதிகள் ‘உள்ளுதல்’ என்பதற்கு ‘நினைத்தல்’ என்றே பொருள் தருகின்றன. அது பிழையன்று, ஆனால் போதாது. ‘உள்’ என்னும் அடியோடு தொடர்புடைய இவ்வினைக்கு, ஒன்றை மனத்துக்குள் கொண்டுவருதல் என்பதே அடிப்படைக் கருத்து என்று நான் கொள்கிறேன்.

கொண்டுவர வேண்டுமானால், அது அதுவரை அங்கே இல்லாதிருந்திருக்க வேண்டும் அல்லவா? குறளின் 1316ஆம் பாட்டில் வரும் ஊடல் முழுவதும் இந்த நுட்பத்தின் மேல்தான் நிற்கிறது. “உள்ளினேன்” என்று தலைவன் அன்போடுதான் சொல்கிறான், அவளோ, “அப்படியானால் இடையில் ஏன் மறந்தீர்?” என்று கேட்டுத் தழுவாமல் விலகுகிறாள். (பாவம், அவன் வேறு வினைச்சொல்லைத் தேர்ந்திருக்கலாம்.) 1125ஆம் குறளின் தலைவன் அவனைவிடக் கவனமானவன்: ‘மறந்தால் அன்றோ உள்ளுவேன், எனக்கு மறக்கவே தெரியாதே’ என்கிறான்.

குறுந்தொகை 99இல் ஔவையார் இவ்விரு வினைகளையும் அடுத்தடுத்து வைக்கிறார். பிரிந்து சென்று மீண்ட தலைவன், தான் உள்ளியதாகவும், உள்ளிப் பெரிதும் நினைந்ததாகவும், நினைந்து மருண்டதாகவும் கூறுகிறான். உள்ளுதல் அங்கே தொடக்கம். நினைத்தல் அதன் தொடர்ச்சி. பொருள் முற்றிலும் ஒன்றே என்றால் இந்தப் படிவரிசைக்கு வேலையே இல்லை.

எல்லா இடத்திலும் இவ்வளவு கறாரான வேறுபாடு இருப்பதாகச் சொல்ல மாட்டேன். ‘உள்ளுவதெல்லாம் உயர்வுள்ளல்’ என்னும்போது அது கருதுதல், குறிக்கோளாகக் கொள்ளுதல் என்ற பொருளுக்கு நகர்ந்துவிடுகிறது. பொச்சாவாமை, அதாவது மறவாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (540) இரண்டு பொருளும் சேர்ந்தே வருகின்றன: ‘உள்ளியது எய்தல் எளிதுமன் மற்றுந்தான் உள்ளியது உள்ளப் பெறின்.’ ‘உள்ளியது’ என்பது எண்ணிய இலக்கு. ‘உள்ளப் பெறின்’ என்பது அதை மறவாமல் மீண்டும் மீண்டும் மனத்துக்குக் கொண்டுவருதல்.

இன்றைய பேச்சில் இவ்வினை வழங்குவதில்லை. உரைநடையில் வலிந்து புகுத்தினால் செயற்கையாகத் தோன்றும். ஆனால் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ‘அவர்செய்த ஒன்றுநன்று உள்ளக் கெடும்’ (109) என்பதிலுள்ள ‘உள்ள’ என்பதை ‘இருக்கின்ற’ என்று எடுத்துக்கொண்டு நான் நெடுநாள் குழம்பியிருக்கிறேன். அங்கே அது ‘நினைக்க’ என்னும் வினையெச்சம்.