காற்றாலை மின்சாரத்தில் கடல்நீர்ப் பாசனம்

கேள்வி: காற்றாலை மின்சாரத்தால் கடல்நீரை நன்னீராக்கிப் பயிருக்குப் பாய்ச்ச இயலுமா?

பதில்: இயலும். ஸ்பெயினுக்குரிய கிரான் கனேரியா தீவின் காற்று மிகுந்த கிழக்குக் கரையில், தலா 660 கிலோவாட் திறனுள்ள 4 காற்றாலைகளோடு இணைத்து அமைக்கப்பட்ட ஆர்.ஓ. ஆலை (கடல்நீரை நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆலை), நாளொன்றுக்கு 5,000 கன மீட்டர் வரை நன்னீர் தரும் திறனுடையது. அந்நீர் தேக்கிவைக்கப்பட்டு விளைநிலங்களுக்குச் செல்கிறது. காற்று ஓயும்போது பொது மின்கட்டமைப்பு கைகொடுக்கிறது.

ஒரு கன மீட்டர் நீருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாவதால், நெல்லுக்கும் கரும்புக்கும் இது கட்டுப்படியாகாது. தக்காளி போன்ற நல்ல விலைபெறும் பயிர்களுக்குச் சொட்டுநீராக அளித்தால்தான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்றையும் உழவர்கள் மறந்துவிடக் கூடாது: உப்பு நீங்கினாலும் கடல்நீரிலுள்ள போரான் என்னும் தனிமம் ஓரளவு தங்கிவிடுகிறது; அதைத் தனியே குறைக்காவிட்டால் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் இலைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கும்.